மாரப்பன் தூங்கிய ரெண்டு டிபி அறை

முதல் அறை திறந்தது ருக்குமணியக்கா வீட்டில், பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இட்லிக்கு மாவு ஊற்றுகிற நேரத்தில். திருப்பூர் காங்கயம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, எதிரும் புதிருமாகப் பத்து வீடு, நடுவில் ஒரு நீளச் சந்து, சந்தின் கோடியில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு குளியலறை என்று இருந்த அந்த லைன் வீட்டுக் காம்பவுண்டில், வீடு என்றால் ஒரே அறைதான், பத்துக்குப் பன்னிரண்டு. அதிலேயே சமையல், அதிலேயே சாமி, அதிலேயே படுக்கை, மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் அதிலேயே மாப்பிள்ளை. அப்படிப்பட்ட வீட்டில் ருக்குமணியக்காவின் மகன் தன் கல்யாண வீடியோவை ஏற்றி வைப்பதற்காகப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி ஸ்விட்சைத் தட்டினான். தட்டியதும் அடுப்பு மேடைக்கும் சாமி படத்துக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு கதவு இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே ஓர் அறை, வெள்ளையடித்து, சிமெண்டுத் தரை போட்டு, ஜன்னல் இல்லாமல். ருக்குமணியக்கா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "ஏன்டா, இதைக் கல்யாணத்துக்கு முன்னாலயே வாங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று மகனைத் திட்டினாள். அப்புறம் அரிசி மூட்டையை இழுத்து உள்ளே வைத்தாள்.

ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. காலையில் தண்ணி பிடித்து, சோறாக்கி, டப்பாவில் அடைத்து, எட்டரைச் சங்குக்குள் கம்பெனி கேட்டுக்குள் நுழைய வேண்டிய சனங்களுக்கு அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது? பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்த அந்த இரண்டு வருசத்தில் எல்லா வீட்டிலும் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்திருந்தது, மேல்மூடி இல்லாததும், பக்கத் தகடு கழன்றதும், துணி போர்த்தியதுமாக. சித்திரை முடிவதற்குள் பத்து வீட்டில் எட்டு வீட்டுக்காரர்கள் டிஸ்க் வாங்கி மாட்டிவிட்டார்கள். ஐந்நூறு ஜிபி என்றால் ஒரு பாய் விரிக்கலாம், ஒரு டிபி என்றால் கட்டிலும் பீரோவும் போடலாம், நாலு டிபி என்றால் சீமந்தமே நடத்தலாம் என்று குழாயடியில் கணக்குச் சொன்னார்கள். ஏழாம் நம்பர் வீட்டு அண்ணன் தம்பிகள் ஒரே டிஸ்க்கை சி என்றும் டி என்றும் இரண்டாகப் பிரித்துக்கொண்டு, நடுச்சுவர் யார் பக்கம் என்று ஒரு மாசம் பேசாமல் இருந்தார்கள். அளந்து பார்த்த ஒருத்தர், ஒரு டிபிக்கு வர வேண்டிய அளவில் முக்கால் அடி குறைகிறது என்று கடையில் போய்ச் சண்டை போட்டார். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணி அட்டையில் போடுகிறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணுகிறது, அதனால் ஆயிரம் என்று வாங்கினால் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றுதான் வீட்டுக்கு வந்து சேரும் என்று கடைக்காரர் விளக்கிச் சொல்ல, "அப்படிச் சொன்னா ஞாயம்" என்று திரும்பி வந்தார். மாநகராட்சியிலிருந்து வந்த ஆள் காம்பவுண்டை வெளியே சுற்றி டேப் பிடித்து அளந்து, அங்குலம்கூடக் கூடவில்லை என்று எழுதிக்கொண்டு, ருக்குமணியக்காவின் புது அறையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

அறைகளின் குணமும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. டிஸ்க்கில் எதை ஏற்றினாலும் அது அறையில் இடத்தை அடைத்தது. ருக்குமணியக்கா மகனின் கல்யாண வீடியோ மட்டும் ஒரு பீரோ அகலத்துக்குச் சுவரோரம் நின்றது. கரண்டு போனால் கதவு இருந்த இடம் சுவராகிவிடும், வந்தால் மறுபடி கதவு. உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு ஒன்றும் ஆகாது, கண் சிமிட்டினாற்போலத்தான் இருக்கும். மாதாந்திர மின்தடை அன்று காலை முறுக்கோடு உள்ளே போன ஒரு குழந்தை சாயங்காலம் பாதி முறுக்கோடு வெளியே வந்து, ஏன் இருட்டிவிட்டது என்று கேட்டது. ஆனால் டிஸ்க்கே செத்துப்போனால் அது வேறு கதை. பின் தெருவில் ஒரு வீட்டில் டிஸ்க் செத்து, பன்னிரண்டு பட்டுச் சேலையும் ஒரு சோபா செட்டும் போனது போனதுதான், எந்தக் கடைக்காரராலும் அந்தக் கதவைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. உள்ளே ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாலாம் நம்பர் வீட்டுச் சம்பூரணத்துக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. பீரோ வைக்க இல்லை, அரிசி மூட்டை வைக்க இல்லை. அவள் புருசன் மாரப்பன் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

மாரப்பன் நிட்டிங் கம்பெனியில் பதினோரு வருசமாக நைட் ஷிப்ட். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற வட்ட மெஷின் ஆறு, ஆறையும் ஒருத்தனே பார்க்க வேண்டும். நூலைத் தின்று துணியைத் தள்ளிக்கொண்டு அவை விடிய விடியக் கத்துகிற கத்தலில் பக்கத்தில் நிற்கிறவன் சொல்வது கேட்காது. காலை எட்டரைக்கு வீடு வந்து, குளித்து, இரண்டு வாய் பழைய சோறு குடித்து, ஒன்பது மணிக்குச் சுவரோரம் பாயைப் போட்டால், புரண்டு புரண்டு படுத்து, கண் மூடி, விழித்து, மறுபடி மூடி, எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரம், மிஞ்சிப் போனால் இரண்டரை. மாசி மாதம் நின்றுகொண்டே கண் அசந்து, மெஷினுக்குள் விரலை விடப் பார்த்தான். விரல் தப்பியது, நகம் போனது. மேஸ்திரி அவனை அனுப்பிவிட்டு, சம்பூரணத்துக்கு போன் செய்து, "இந்தத் தடவை நகத்தோட போச்சு அம்மிணி, இன்னொரு தடவை தூங்கி விழுந்தா கையே போயிரும், ஆளைத் தூங்க வைங்க" என்றார்.

தூங்க வைக்க அவள் என்னதான் செய்யவில்லை? இந்தப் பதினோரு வருசமும் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்ததில்லை, வடிசோறுதான். மிக்ஸி ஓடியதில்லை, சட்னி ருக்குமணியக்கா வீட்டில் அரைபட்டு வந்தது. மகள் பிரதீபாவுக்கு மூணு வயசாகும்போதே கொலுசைக் கழற்றி டப்பாவில் போட்டாயிற்று. கீரைக்காரர் சந்துக்குள் வந்தால் கூவ மாட்டார், கையைத் தட்டவும் மாட்டார், வாசலில் வந்து நின்று தலையைத் தலையை ஆட்டுவார். வீட்டிலேயே உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டுகிற வேலை சம்பூரணத்துக்கு. அந்தக் கத்தரிக்கும் தினமும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டாள். சந்தில் யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், வாசலுக்கு வந்து உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க, அவரு தூங்கறாரு" என்பாள். அதைச் சொல்லிச் சொல்லி அவள் குரலே கிசுகிசுப்பாகத் தேய்ந்துபோயிருந்தது. பிரதீபாவுக்குப் பதினாலு வயசு. அவளுக்குக் கிசுகிசுப்பைத் தவிர வேறு குரல் இருப்பதே தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பி, "உங்க புள்ளைக்குத் தொண்டையில ஏதாவது கோளாறுங்களா?" என்று கேட்டார்.

வைகாசியில் சம்பூரணம் ஜாபரின் கடைக்குப் போனாள். பல்லடம் ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஜாபர் அதற்குள் பாதி கொத்தனார் ஆகியிருந்தார்; கல்லா மேசையில் சாக்பீஸால் கோடு போட்டு, இங்கே கட்டில், இங்கே பீரோ என்று காட்டித்தான் டிஸ்க் விற்பார்.

"என்னத்த ஏத்தப் போறீங்கக்கா? போட்டாவா, வீடியோவா?"

"ஒண்ணும் ஏத்தலீங்க. எங்க வூட்டுக்காரரு தூங்கறதுக்கு."

"காலியாவா வெச்சுக்கப் போறீங்க?"

"அவரும் ஒரு பாயும் மட்டுந்தானுங்க."

ஜாபர் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு டிஸ்க்கை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று செங்கல் கனம், மற்றது பிஸ்கட் பாக்கெட் கனம். "அக்கா, இதுல சுத்தறது ஒண்ணு, சுத்தாதது ஒண்ணு. இந்தக் கனமானது ஹார்ட் டிஸ்க். உள்ள ஒரு தட்டு நிமிசத்துக்கு ஏழாயிரத்து எரநூறு சுத்து சுத்திக்கிட்டே இருக்கும். அதனால அறைக்குள்ள எந்நேரமும் ஒரு இரைச்சல் இருக்கும், வெளிச் சத்தமும் உள்ள வரும், கதவு தொறக்கக் கொஞ்சம் மொண்டு பண்ணும், கீழ போட்டா முடிஞ்சுது. ஆனா அதே காசுக்கு நாலு பங்கு எடம். இது எஸ்எஸ்டி, சுத்தாதது. தொட்டாக் கதவு தொறக்கும், சத்தம்னு ஒண்ணு கெடையாது. எடம் சிறுசு, வெலை பெருசு."

"சத்தமே இருக்காதுங்களா?" சம்பூரணம் மேசை மேல் சாய்ந்துவிட்டாள்.

"குண்டூசி விழுந்தாக் கேக்கும். ஆனா ஒண்ணுக்கா, சுத்தறது சாகறதுக்கு முன்னாடி சொல்லிட்டுச் சாகும், டக்கு டக்குனு தட்டும், நாம சாமானை வெளிய எடுத்துக்கலாம். சுத்தாதது சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். அதனால…"

அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. ஐந்நூறு ஜிபி எஸ்எஸ்டியைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

தொட்டதும் கதவு திறந்தது. ஐந்தடிக்கு எட்டடி. உள்ளே போய் அவள் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பார்த்தாள். காம்பவுண்டு இல்லை, ரோடு இல்லை, உலகமே இல்லை. இப்படி ஓர் அமைதியை இத்தனை வருசம் கையால் பிசைந்து பிசைந்து செய்யப் பார்த்தோமே, இதோ கடையிலேயே கிடைக்கிறதே என்று அவளுக்குக் கண் கலங்கியது. மாரப்பன் பாயோடு உள்ளே போனான். நாலு மணிக்கு வெளியே வந்தவனிடம், "தூங்கினீங்களா?" என்று கேட்டாள். "ம், நல்லாத் தூங்கினேன்" என்றான். அதிகம் பேசாத மனுசன். பேசினாலும் அவள் மனசு நோகிற மாதிரி பேச மாட்டான்.

ஒரு மாசம் போயிற்று. கண் சிவப்பு கூடிக்கொண்டே போனதே தவிரக் குறையவில்லை. ஆனி பிறந்ததும் ஒரு நாள் தொட்டியடியில் ருக்குமணியக்கா அவளை ஓரங்கட்டினாள். "ஏஞ் சம்பூரணம், நாங் கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையா? நீ பண்டல் குடுக்கக் கம்பெனிக்குப் போனதும் உங்கூட்டுக்காரரு எங்கூட்டுக்கு வந்து அரிசி மூட்டைப் பக்கத்துல படுத்துக்கறாரு. மூணு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறாரு. நானும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

சம்பூரணத்துக்குச் சுருக்கென்றது. சோறு போடும்போது கேட்டாள்.

"அந்த ரூமுல என்னுங்க கொறை?"

மாரப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "கொறையெல்லாம் இல்ல. உள்ள படுத்தா எம்பட மூச்சே எனக்குக் கேக்குது. காதுக்குள்ள கொய்யிங்குது. அக்கா வூட்டுல போயிப் படுத்தா கண்ணு தானா மூடுது. ஏன்னு கேட்டா எனக்கெங்க தெரியும்?"

அவள் பிசிறு வெட்டிக்கொண்டே ஒரு பகல் முழுக்க யோசித்தாள். ருக்குமணியக்கா வீட்டு டிஸ்க் ஒரு டிபி. தன்னுடையது அதில் பாதி. தெரிந்துபோயிற்று. மனுசன் அகலமாகக் கையைக் காலை நீட்டி வளர்ந்தவன், ஐந்தடி அறையில் அடைத்தால் எப்படித் தூக்கம் வரும்? கூடவே பின் தெருப் பட்டுச் சேலை ஞாபகமும் வந்தது. அந்த டிஸ்க்கும் சுத்தாத வகைதான், சத்தமில்லாமல்தான் போயிற்று. உள்ளே மாரப்பன் கிடக்கும்போது அப்படி ஆனால்? எஸ்எஸ்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாளே ஜாபர் கடையில் நின்றாள்.

"சுத்தறதே குடுங்க. ரெண்டு டிபி."

"ஒரு டிபி போதாதாக்கா? ஒரு பாய்தான போடறீங்க?"

"அக்கா வூட்டுல ஒரு டிபிக்கு மூணு மணி நேரந் தூங்கறாருங்க. ரெண்டு டிபின்னா ஆறு மணி நேரந் தூங்குவாரில்ல?"

ஜாபர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருச வியாபாரத்தில் இப்படி ஒரு கணக்கை அவர் கேட்டதில்லை. "டக்கு டக்குனு சத்தம் வந்தா ஆளை மொதல்ல வெளிய கூப்பிட்டிருங்க" என்று மட்டும் சொல்லி எஸ்எஸ்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கணக்கு பலித்தது, அதுதான் வேடிக்கை. ரெண்டு டிபி அறையில் முதல் நாளே மாரப்பன் ஆறு மணி நேரம் தூங்கினான், அடுத்த நாள் ஏழு. அறை முழுக்க அந்த இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது, தரையில் காலை வைத்தால் மெல்லிசாக ஓர் அதிர்வு. சம்பூரணத்துக்கு அந்த இரைச்சல் பிடிக்கவேயில்லை. பெரிய இடம் வேண்டுமென்றால் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, தன் பங்குக்குச் சந்தில் இன்னும் கொஞ்சம் கெடுபிடியாக எல்லார் வாயையும் அடைத்தாள். மாரப்பன் கண்ணில் வெள்ளை தெரிந்தது. ஆவணியில் ஒரு நாள் மகளைப் பார்த்து ஒரு ஜோக்கு சொன்னான். அது ஒன்றும் பெரிய ஜோக்கு இல்லை, ஆனால் அம்மாவும் மகளும் சத்தமில்லாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அந்த ஊரில் அது தீபாவளியை விடப் பெரிசு. முதல் நாள் சாயங்காலமே மெஷின்களை நிறுத்தி, நூல் தூசியை ஊதி, எண்ணெய் துடைத்து, ஊசி ஊசியாகக் கழுவி, சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். மாரப்பன் விடிய விடிய ஆறு மெஷினையும் குளிப்பாட்டிவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு காலையில் வந்து, குளித்து, அறைக்குள் போய்ப் படுத்தான். சம்பூரணம் வீட்டில் பூஜைக்கு எடுத்து வைத்தாள். பிசிறு வெட்டுகிற கத்தரி, அரிவாள்மனை, தையல் மெஷின், பிரதீபாவின் சைக்கிள், புஸ்தகம். கம்ப்யூட்டரும் ஆயுதம்தானே? மற்ற வீட்டில் எல்லாம் அறையிலிருந்த ஆட்களை வெளியே கூப்பிட்டு, தலையை எண்ணி, கம்ப்யூட்டரை நிறுத்தித்தான் பொட்டு வைத்தார்கள். சம்பூரணத்தால் நிறுத்த முடியவில்லை, உள்ளே அவன் தூங்குகிறான், நிறுத்தினால் அந்த நேரத் தூக்கம் அவனுக்குக் கணக்கில் சேராது. ஓடுகிற டிஸ்க்குக்கே பொட்டு வைத்துவிடலாம் என்று, பக்கத் தகடு இல்லாத அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு, ஈரத் துணியால் தூசியைத் துடைத்தாள். டிஸ்க்கின் மேல் ஓரத்தில், வட்டமாக, பொட்டு வைக்கிறதுக்கென்றே கம்பெனிக்காரன் விட்ட மாதிரி ஒரு சின்னத் துளை இருந்தது. பக்கத்தில் ஏதோ பொடி எழுத்தில் எழுதியிருந்தது. அவள் கட்டைவிரலால் கெட்டிச் சந்தனத்தை எடுத்து, அந்தத் துளையின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"அம்மா, அந்த ஓட்டையை மூடக் கூடாதுன்னு எழுதியிருக்குது" என்றாள் பிரதீபா. ஆனால் அவள் குரலில் அதைச் சொன்னாள். அதே நேரம் எதிர்வீட்டில் ருக்குமணியக்கா மணியை ஆட்டித் தீபாராதனை காட்டினாள். சம்பூரணத்துக்கு மகளின் உதடு அசைந்ததுகூடத் தெரியவில்லை.

அது டிஸ்க் மூச்சு விடுகிற துளை. சூட்டில் சந்தனம் காய்ந்து சிமெண்டாக இறுகியது. அரை மணி நேரம் கழித்து, சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த சம்பூரணம் கரண்டியை அப்படியே நிறுத்தினாள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, டக்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். மழைக்கு ஊறிய மரக்கதவு மாதிரி அது நிலையோடு இறுகிக் கிடந்தது. தோளால் இடித்தாள், அசையவில்லை. பிரதீபா ஜாபருக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கம்ப்யூட்டரை மட்டும் நிறுத்தீராதீங்க அக்கா!" ஜாபர் கத்தினார். "அடிபட்ட டிஸ்க்கை நிறுத்தினா திரும்பச் சுத்துமான்னு சொல்ல முடியாது. சந்தனத்தைக் குத்திக் கெளறவும் கூடாது, உள்ள விழுந்தா அந்த நிமிசமே முடிஞ்சுது. அந்த டக்கு டக்கு நெருங்கிக்கிட்டே வருதா?"

"வருதுங்க" என்றாள் சம்பூரணம்.

"அப்படின்னா பத்து நிமிசம். கால் மணின்னு வைங்க. உள்ளிருந்து இழுத்தாத்தான் அந்தக் கதவு வரும். அவரை எழுப்புங்க!"

எழுப்புவதா? பதினோரு வருசத்தில் அவள் செய்யாத ஒரே காரியம் அது. கதவில் வாயை வைத்து, "ஏனுங்க!" என்று கூப்பிட்டாள். மூச்சுத்தான் வந்தது. இன்னொரு தடவை அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கூப்பிட்டாள். தொண்டை கிழிந்த மாதிரி இருந்தது, சத்தம் வரவில்லை. பிரதீபா இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். தட்டிய சத்தம் கேட்டு ருக்குமணியக்கா வந்தாள், விஷயத்தைக் கேட்டதும் சந்துக்கு ஓடி, "எல்லாரும் வாங்க, மாரப்பன் உள்ள மாட்டிக்கிட்டாரு" என்று கூவினாள். பத்து வீட்டுச் சனமும் வந்தது. வருசக்கணக்காக அந்த வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தவர்கள் இன்றைக்குக் கத்தினார்கள். ஒருத்தர் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தார், ஏழாம் நம்பர் அண்ணனும் தம்பியும் ஒன்றாக நின்று, "மாரப்பண்ணா, மாரப்பண்ணா" என்று கதவை உதைத்தார்கள், யாரோ மிக்ஸியைக் காலியாகவே ஓட விட்டார்கள், ருக்குமணியக்கா பூஜை மணியை நிறுத்தாமல் ஆட்டினாள். வீடே கம்பெனி மாதிரி இரைந்தது.

சம்பூரணம் கதவில் காதை வைத்தாள். உள்ளே மாரப்பன் குறட்டை விடுவது கேட்டது. இவர்கள் சத்தம் ஏற ஏறக் குறட்டையும் ஆழமாகிக்கொண்டே போனது.

அந்தக் கதவில் காதை வைத்தபடியே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அரிசி மூட்டைப் பக்கத்தில் படுத்த தூக்கம், எஸ்எஸ்டிக்குள் வராத தூக்கம், ஒரு டிபி, ரெண்டு டிபி, அவள் கண்டுபிடித்த கணக்கு. அளவு இல்லை. அளவே இல்லை. ஆறு மெஷின் நடுவில் ராத்திரி முழுக்க நிற்கிறவனுக்கு இரைச்சல்தான் தாலாட்டு. அமைதியாக இருந்தால் எங்கேயோ மெஷின் நின்றுவிட்டது என்று அவன் உடம்பு பதறி எழுந்துவிடும். அப்படியென்றால் இந்தப் பதினோரு வருசமும், குக்கரை அடக்கி, கொலுசைக் கழற்றி, பெற்ற பிள்ளையின் குரலை நெரித்து, அவனைத் தூங்க விடாமல் செய்தது யார்? ஆனால் அழுவதற்கு இப்போது நேரமில்லை.

அவள் திரும்பினாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள்.

கத்திக்கொண்டிருந்த கூட்டம் அவளைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. ஆனால் பதினோரு வருசப் பழக்கம் சும்மா போகுமா? அந்த விரலைப் பார்த்ததும் ருக்குமணியக்காவின் கை மணியோடு நின்றது. தாம்பாளம் நின்றது. மிக்ஸி நின்றது. ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள், பிரதீபா நிறுத்தினாள். பத்து வீட்டுச் சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்படி ஓர் அமைதியைச் செய்வதற்கு அந்த ஊரிலேயே சம்பூரணத்தை விட்டால் ஆளில்லை. அந்த அமைதிக்குள் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது.

டக். டக். டக்.

நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்தால் அப்படித்தான் கேட்கும். உடைந்த ஊசியைப் பார்க்காமல் விட்டால் துணி நெடுகக் கோடு விழும், ஒரு ராத்திரி உற்பத்தியும் போகும். அதனால் எத்தனை இரைச்சலிலும் தூங்கக்கூடிய நிட்டிங்காரன் அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் சுடுகாட்டிலிருந்தும் எழுந்து வருவான். குறட்டை நின்றது. உள்ளே பாய் நகர்கிற சத்தம். கதவு உள்பக்கமாக ஓர் இழு, இன்னோர் இழு, படாரென்று திறந்தது. மாரப்பன் வந்தான், கண் பாதி மூடியபடி, லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "ஊசி ஒடைஞ்சிருக்குது, ஊசி ஒடைஞ்சிருக்குது" என்று முனகிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே புகுந்து, மெஷினை நிறுத்துகிற பொத்தானைத் தேடிக் கையைத் துழாவி, கம்ப்யூட்டர் பெட்டியின் பொத்தானை அழுத்தினான்.

டிஸ்க் சுற்றி ஓய்ந்தது. அவனுக்குப் பின்னால் கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது, பாயும் தலையணையும் அதற்கு அந்தப் பக்கம் போய்விட்டன. மாரப்பன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"எதுக்கு எல்லாரும் நிக்கறீங்க? பூசை முடிஞ்சுதா?"

சம்பூரணம் அவன் சட்டையில்லாத நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்து, அப்படியே கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்த அழுகை ரோடு வரைக்கும் கேட்டது. அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் உண்டென்று பிரதீபா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

டிஸ்க் அதற்குப் பிறகு சுற்றவே இல்லை. ஜாபர் மறுநாள் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டு, வேறு தரட்டுமா, எத்தனை டிபி என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அது மறுநாள். அன்றைக்கு அந்த நேரத்தில் மாரப்பன் கொட்டாவி விட்டான், நல்ல தூக்கம் கெட்டுவிட்டதே என்றான். கூட்டம் வழக்கம்போல நுனிக்காலில் கலையப் பார்த்தது. சம்பூரணம் ருக்குமணியக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரும் போக வேண்டாம், உக்காருங்க. பேசுங்க, நல்லாச் சத்தமாப் பேசுங்க" என்றாள். பழைய இடத்தில், அதே சுவரோரம், ஒரு ஜமக்காளத்தை விரித்து அவனைப் படுக்கச் சொன்னாள். சட்னிக்குத் தேங்காயைப் போட்டு மிக்ஸியை ஓட விட்டாள். டப்பாவின் அடியிலிருந்து கொலுசைத் தேடி எடுத்தாள். அது பிரதீபாவின் காலுக்குச் சேரவில்லை, கையில் கொடுத்து ஆட்டச் சொன்னாள். அப்புறம் செத்துப்போன டிஸ்க்கை அவள் முன்னால் வைத்து, "கண்ணு, இதுல என்னமோ எழுதியிருக்குதுன்னு சொன்னியே, அதைப் படி" என்றாள்.

"அப்பா தூங்கறாருமா" என்று பிரதீபா கிசுகிசுத்தாள்.

"அதுக்குத்தான் படிக்கச் சொல்றேன். இப்படியில்ல, தெருவுக்கே கேக்கணும்."

பிரதீபா ஒரு தடவை படித்தாள், குரல் உடைந்தது. இரண்டாம் தடவை சேவல் குஞ்சு கூவக் கற்றுக்கொள்கிற மாதிரி எழும்பியது. மூன்றாம் தடவை அவள் எழுந்து நின்று, "இந்தத் துளையை மூடாதே!" என்று கத்தின கத்தலில் சந்தில் கீரைக்காரர் திடுக்கிட்டுச் சைக்கிளோடு நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு, தைரியம் வந்து, "கீரை, கீரேய்!" என்று முழுத் தொண்டையில் கூவினார்.

மாரப்பன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக் குறட்டை விட்டான். சம்பூரணம் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "பதினோரு வருசமா நாந்தானுங்க உங்களைத் தூங்க விடல" என்று அவன் காதுக்குப் பக்கத்தில், முழுக் குரலில், சந்துக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவன் அசையவில்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.